ஒலித்தூதன்

அரசன் ஒருவன் வேற்று நாட்டு மன்னனிடம் தூதனை அனுப்புகின்றான். அத்தூதன் தன் அரசன் கூறியதைக் கூட்டாமலும் குறைக்காமலும் உரைத்தல் வேண்டும். கேட்போர்க்கு இனிக்க வேண்டும் என்று கருதித் தன் சொற்களையும் சேர்த்துவிடுவானாயின் அவன் நல்ல தூதன் ஆகான். அஞ்சிச் சிலவற்றை விழுங்கிவிடுவானாயினும் நல்ல தூதன் ஆகான். வீட்டில் இசை கேட்பதற்கு உதவும் ஒலிபெருக்கியும் இத்தகைய தூதனே. பாடுவோர் ஓரிடத்தில் இருக்கின்றனர். கேட்போர் வேறோரிடத்தில் இருக்கின்றனர். இருவர்க்கும் இடையே நின்று, பாடியதைப் பாடியவாறே கொண்டுவந்து சேர்ப்பது அதன் கடமை. மிருதங்கத்தின் தொப்பி எழுப்பும் தாழ்ந்த முழக்கத்தை விழுங்கிவிடும் ஒலிபெருக்கியும், இல்லாத முழக்கத்தைத் தானே சேர்த்து அறையை அதிரச் செய்யும் ஒலிபெருக்கியும் கடமை தவறிய தூதரே ஆவர்.

உண்மை தவறாத ஒலிபெருக்கிகள் விலை மிக்கவை. ஆதலின் அவை செல்வர் வீட்டுப் பொருள்கள் என்று பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் முழுதும் சரியன்று. கடையில் கொடுக்கும் விலையுள் உறுப்புகளின் விலை ஒரு பகுதியே. செய்கூலி, ஏற்றுகூலி, விளம்பரச் செலவு, வணிகர் ஊதியம் ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். உறுப்புகளை வாங்கிப் பெட்டியைத் தாமே செய்துகொள்வோர் இச்செலவில் ஒரு பகுதியை மிச்சப்படுத்தலாம். ஆயினும் பணத்துக்கு ஈடாக அவர் வேறொன்றைச் செலுத்தியாக வேண்டும். ஒலியின் இயல்பை அறிதலும், பிழையின்றி அளத்தலும், பொறுமையோடு சோதித்தலுமே அவ்விலையாம். அதனைச் செலுத்தும் வழியை இனிக் காண்போம்.

கூம்பும் கம்பிச்சுருளும்

ஒலிபெருக்கியின் உயிர்நிலை, அதன் முகத்தில் வட்டமாகத் தோன்றும் கூம்பாகும். தாள், பிளாஸ்டிக் முதலிய எடை குறைந்த, விறைப்பான பொருளால் அக்கூம்பு செய்யப்படுகின்றது. அதன் அடியில் ஒரு சிறு குழல் உண்டு. அக்குழலின்மீது மெல்லிய கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். இக்கம்பிச்சுருள், வலிய காந்தம் ஒன்றின் குறுகிய இடைவெளியில் எதனையும் தொடாமல் நிற்கும். பாட்டின் வடிவிற்கேற்ப மாறி மாறி ஓடும் மின்னோட்டம் சுருளிற் பாயும்போது, சுருள் காந்தப் புலத்தால் முன்னும் பின்னும் தள்ளப்படுகின்றது. சுருளோடு கூம்பும் அசைகின்றது; கூம்பு காற்றை அசைக்கின்றது; காற்றின் அசைவே செவியில் ஒலியாகின்றது.

இவ்வமைப்பு ஒரே நாளில் தோன்றியதன்று. தொடக்க கால வானொலிப் பெட்டிகள் பலவற்றில் ஊதுகொம்பு போன்ற நீண்ட குழல்களே ஒலியை வெளியிட்டன. அவற்றின் குரல் ஒருவர் மூக்காற் பேசுவது போல இருந்தது. 1925-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் என்னும் இருவர், கொம்பு இல்லாத ஒலிபெருக்கியின் அமைப்பை விளக்கி ஆய்வுரை ஒன்றை வெளியிட்டனர். காந்தமும் சுருளும் கூம்பும் கொண்ட இன்றைய ஒலிபெருக்கிகளிற் பெரும்பாலானவை அவ்வமைப்பின் வழிவந்தவையே.

பெட்டியின் வேலை

கூம்பை மட்டும் வாங்கிவந்து மேசைமீது வைத்துப் பாடச் செய்தால் குரல் மெலிந்து கேட்கும். தாழ்ந்த ஒலிகள் ஏறத்தாழ மறைந்தே போகும். காரணம் யாது? கூம்பு முன்னே செல்லும்போது முன்பக்கக் காற்றை நெருக்குகின்றது. அதே கணத்தில் பின்பக்கக் காற்றைத் தளர்த்துகின்றது. நெருங்கிய காற்று விளிம்பைச் சுற்றிக்கொண்டு தளர்ந்த பக்கத்துக்கு ஓடிவிடுகின்றது. ஒருவன் ஈட்டியதை மற்றொருவன் அப்போதைக்கப்போதே செலவழித்துவிடுவது போல, முன்னலையைப் பின்னலை அழித்துவிடுகின்றது.

உயர்ந்த ஒலிகளுக்கு இவ்விடர் மிகுதியாக இல்லை. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 344 மீட்டர் செல்லும். நொடிக்கு 50 முறை, அஃதாவது 50 ஹெர்ட்ஸ், அதிரும் தாழ்ந்த ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். 5,000 ஹெர்ட்ஸ் அதிரும் உயர்ந்த ஒலியின் அலைநீளமோ ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் மட்டுமே. ஒரு சாண் அகலமுள்ள கூம்பைச் சுற்றிச் செல்லும் வழி, 7 மீட்டர் அலைக்கு ஒரு பொருட்டன்று. ஆதலின் தாழ்ந்த ஒலியே பெரிதும் அழிகின்றது.

இதனை எளிய சோதனையால் அறியலாம். அகன்ற பலகை ஒன்றின் நடுவில் கூம்பின் அளவுக்குத் துளையிட்டு அதிற் கூம்பைப் பொருத்தினால், முன்பு கேளாத தாழ்ந்த ஒலி கேட்கத் தொடங்கும். பலகை பெரிதாகும் அளவுக்கு ஒலியும் ஆழமாகும். ஆனால் வீட்டினுள் பலகையைப் பெரிதாக்க ஓர் எல்லை உண்டன்றோ? ஆகவே பலகையைப் பின்புறம் மடித்து, எல்லாப் பக்கமும் மூடிப் பெட்டியாக்கினர். பின்னலை பெட்டிக்குள் சிறைப்பட்டது; முன்னலை தடையின்றிச் சென்றது.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளவேண்டும். வீணையின் குடம் பலாமரத்தைக் குடைந்து செய்யப்படுகின்றது. தந்தி அதிரும்போது குடமும் உடன் அதிர்ந்து இசைக்கு இனிமை ஊட்டவேண்டும். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு அவ்வுரிமை இல்லை. வீணை பாடும் கலைஞனைப் போன்றது. பெட்டியோ அக்கலைஞனைத் தாங்கும் மேடையைப் போன்றது. மேடையும் உடன்பாடத் தொடங்கினால் கச்சேரி கெடும். ஆதலின் பெட்டி கனமாகவும் விறைப்பாகவும் ஊமையாகவும் இருத்தல் வேண்டும்.

செங்கல்லும் மணலும்

இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் இங்கிலாந்து நாட்டுக் கில்பர்ட் பிரிக்ஸ் என்பவர். அவர் 1932-ஆம் ஆண்டில், யார்க்ஷயர் பகுதியிலுள்ள இல்க்லி என்னும் ஊரில், தம் வீட்டு நிலவறையில் ஒலிபெருக்கி செய்யத் தொடங்கினார். அவ்வூர் அமைந்துள்ள ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயரே அவருடைய வார்ஃப்டேல் நிறுவனத்தின் பெயராயிற்று. அவர் மரப்பெட்டியோடு அமையவில்லை. அறையின் மூலையிற் செங்கல்லை அடுக்கிப் பெட்டி கட்டினார். இரு பலகைகளுக்கு நடுவே மணலை நிரப்பியும் பெட்டி செய்தார். செங்கல்லும் மணலும் விலை குறைந்தவை. ஆனால் அதிர்வுக்கு எளிதில் இடங்கொடாதவை. அரிய மரத்தாலும் ஆகாத செயலை ஆற்றுமணல் செய்தது.

பிரிக்ஸ் தாம் அறிந்ததைத் தம்முள் மறைத்துவைக்கவும் இல்லை. 1948-ஆம் ஆண்டில், பொதுமக்களுக்கும் விளங்கும் எளிய நடையில் ஒலிபெருக்கிகளைப் பற்றி நூல் ஒன்று எழுதி வெளியிட்டார். 1954-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் ராயல் ஃபெஸ்டிவல் ஹால் என்னும் பேரரங்கில் மக்களைக் கூட்டினார். மேடையிற் கலைஞர் இசைப்பதையும், பதிவு செய்த இசையை ஒலிபெருக்கி ஒலிப்பதையும் அங்கு ஒப்பிட்டுக் கேட்கச் செய்தார். அரசனையும் தூதனையும் ஒரே அவையில் நிறுத்தி, இருவர் சொல்லையும் ஒப்புநோக்குமாறு மக்களை வேண்டியது போன்றது அச்செயல். தம் தொழிலில் நேர்மை உடையவர்க்கே அத்துணிவு வரும்.

கணக்குத் தந்த கொடை

முற்காலத்தில் இன்ன கூம்புக்கு இன்ன அளவுப் பெட்டி வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பட்டறிவு கொண்டே முடிவு செய்தனர். ஒரு பெட்டி செய்வர், கேட்பர், பிடிக்காவிடில் வேறொன்று செய்வர். பொருள் உடையவர்க்கே இம்முறை இயலும். 1961-ஆம் ஆண்டில் நெவில் தீல் என்னும் ஆஸ்திரேலியப் பொறியாளர், காற்றுத்துளை உள்ள பெட்டிகளைக் கணக்கிடும் முறையை வெளியிட்டார். 1970-களின் தொடக்கத்தில், சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரிச்சர்டு ஸ்மால் அம்முறையை மூடிய பெட்டிகளுக்கும் விரித்தார். மரத்தை அறுப்பதற்கு முன்னரே தாளில் எழுதிப் பார்த்துப் பெட்டியின் குரலை முன்னறிய இவர்கள் வழி செய்தனர். சிறுபொருள் உடையோர்க்கு இதனினும் சிறந்த கொடை வேறில்லை.

இன்று நல்ல கூம்புகளோடு வரும் விளக்கத் தாளில் மூன்று எண்கள் தவறாமல் காணப்படும். முதலாவது, கூம்பு தானாகவே அசைய விரும்பும் இயல்பு அதிர்வெண். இரண்டாவது, கூம்பைத் தாங்கும் விளிம்பின் மீள்விசைக்கு ஒப்பான மீள்விசை உடைய காற்றின் கனஅளவு. மூன்றாவது, அசைந்த கூம்பு எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதைக் குறிக்கும் அடக்க எண். ஊஞ்சலை ஆட்டிக் கையை எடுத்தபின் அது நெடுநேரம் ஆடினால் அடக்க எண் பெரிது. விரைவில் நின்றால் சிறிது.

இனி ஓர் எடுத்துக்காட்டு. ஒரு கூம்பின் இயல்பு அதிர்வெண் 45 ஹெர்ட்ஸ். ஒப்பான காற்றின் அளவு 20 லிட்டர். அடக்க எண் 0.41 என்று கொள்வோம். அதனை 10 லிட்டர் கொண்ட மூடிய பெட்டியில் வைத்தால், 20 லிட்டரிற் பாதியான அக்காற்று இருமடங்கு விறைப்புடன் கூம்பைத் தள்ளும். கூம்பின் சொந்த விறைப்பு ஒரு மடங்கு. ஆக மொத்தம் மூன்று மடங்கு. மூன்றின் வர்க்கமூலம் 1.73. ஆகவே அதிர்வெண் 45-இலிருந்து 78 ஹெர்ட்ஸாக உயரும். அடக்க எண்ணும் 0.41-இலிருந்து 0.71 ஆகும். மூடிய பெட்டிக்கு 0.7-ஐ ஒட்டிய எண் மிக ஏற்றது. அந்நிலையில் தாழ்ந்த ஒலி வீங்குவதுமில்லை. காலத்துக்கு முன்னரே தேய்வதுமில்லை. பெட்டியை 5 லிட்டராகச் சுருக்கினால் மொத்த விறைப்பு ஐந்து மடங்காகும்; அதிர்வெண் 100 ஹெர்ட்ஸுக்கு ஏறும்; அடக்க எண் 0.9-ஐக் கடக்கும். அப்போது குரல் ஓரிடத்திற் சற்றே வீங்கி, அதன் கீழே தேய்ந்துவிடும்.

இதிலிருந்து ஒரு பெரிய உண்மை புலனாகின்றது. சிறிய பெட்டி, ஆழ்ந்த ஒலி, குறைந்த மின்னாற்றலில் மிக்க ஓசை ஆகிய மூன்றையும் ஒருங்கே பெறுதல் இயலாது. இரண்டைப் பெற விரும்புவோர் மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். எவ்வளவு பொருள் கொட்டினாலும் இவ்விதி வளையாது. இதன்முன் செல்வரும் வறியரும் ஒரு நிகரே. சிறிய அறையில் அமைதியாகக் கேட்போர் பேரோசையை விட்டுக்கொடுக்கலாம். அவர்களுக்கு எளிய ஒலிபெருக்கியே போதும்.

பெட்டி செய்தல்

மேற்கூறிய 10 லிட்டர் பெட்டியைச் செய்யும் வகையைக் காண்போம். உள்ளளவாக அகலம் 18, ஆழம் 20, உயரம் 30 சென்டிமீட்டர் கொண்டால் கனஅளவு 10.8 லிட்டர் ஆகும். மிகுதியான 0.8 லிட்டரைக் காந்தமும் உள்ளே வைக்கும் தாங்குகட்டையும் பிடித்துக்கொள்ளும். 18 மில்லிமீட்டர் கனமுள்ள எம்.டி.எஃப். பலகையோ பிளைவுட் பலகையோ இதற்கு ஏற்றது. ஒரு பெட்டிக்கு, முன்னும் பின்னும் 21.6-க்கு 33.6 சென்டிமீட்டர் துண்டுகள் இரண்டு. பக்கங்களுக்கு 20-க்கு 30 துண்டுகள் இரண்டு. மேலும் கீழும் 21.6-க்கு 20 துண்டுகள் இரண்டு வேண்டும். இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு பெட்டிகள் செய்வதற்கு, 8 அடிக்கு 4 அடிப் பலகையில் மூன்றில் ஒரு பங்கு போதுமானது.

பலகைக் கடையிலேயே எந்திர வாளால் அறுத்து வாங்குதல் நன்று. விளிம்புகள் நேராக அமையும். கூம்புக்குரிய வட்டத் துளைகளைத் தச்சரைக் கொண்டு வெட்டுவிக்கலாம். மரத்தூள் மூச்சிற் புகாதவாறு முகத்தை மூடிக்கொள்ளவேண்டும். மூட்டுகளில் மரப்பசை தடவி இறுகக் கட்டி, ஒருநாள் உலரவிடவேண்டும். இரு பக்கப் பலகைகளுக்கும் நடுவே 18 சென்டிமீட்டர் நீளக் கட்டை ஒன்றைக் குறுக்கே ஒட்டினால் பக்கங்கள் அதிர்வது குறையும். உட்புற மூட்டுகளில் மரத்தூளும் பசையும் குழைத்துப் பூசினால் காற்று கசியாது. இறுதியாகப் பெட்டிக்குள் பஞ்சைத் தளர்வாக நிரப்பவேண்டும். சிறைப்பட்ட பின்னலை சுவரில் மோதி எதிரொலித்துக் கூம்பின் வழியே வெளிவருவதை அப்பஞ்சு தணிக்கும்.

இரு குரல்களைப் பிரித்தல்

மனிதச் செவி 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை உணரவல்லது என்பர். ஒரே கூம்பு இவ்வளவு பரந்த எல்லையை ஆளுதல் அரிது. தாழ்ந்த ஒலிக்கு மிகுந்த காற்றைத் தள்ளும் அகன்ற கூம்பு வேண்டும். உயர்ந்த ஒலியையும் அதுவே எழுப்பினால், அவ்வொலி டார்ச்சு விளக்கின் ஒளிபோல நேரெதிரே குவிந்து செல்லும். பக்கத்தில் அமர்ந்தோர்க்கு மங்கிவிடும். ஆதலின் கடைகளில் ஊஃபர் என வழங்கும் பெரிய கூம்பையும், ட்வீட்டர் என வழங்கும் சிறிய உறுப்பையும் ஒரே பெட்டியில் அமைப்பது வழக்கம்.

இவ்விரண்டுக்கும் உரியவற்றைப் பிரித்தளிப்பவை மின்தேக்கியும் மின்கம்பிச் சுருளும் ஆகும். மின்தேக்கி உயர்ந்த அதிர்வுகளை எளிதில் விட்டுத் தாழ்ந்தவற்றைத் தடுக்கும்; சுருளின் செயல் இதற்கு நேர்மாறானது. 8 ஓம் உறுப்புகளை 3,000 ஹெர்ட்ஸிற் பிரிக்கக் கருதினால், ட்வீட்டரின் வழியில் ஏறத்தாழ 6.6 மைக்ரோஃபாரடு மின்தேக்கியும், ஊஃபரின் வழியில் ஏறத்தாழ 0.42 மில்லிஹென்றி சுருளும் கணக்கில் வரும். இது முதற்கணக்கு மட்டுமே. உறுப்புகளின் மின்தடை எல்லா அதிர்வுக்கும் ஒரே அளவாக நிற்பதில்லை. ட்வீட்டரும் தன் எல்லைக்குக் கீழ்ப்பட்ட ஒலியைத் தாங்காது. ஆகவே ஒவ்வொரு வழியிலும் தேக்கியும் சுருளும் சேர்த்துப் பிரிவைக் கூர்மையாக்குவதும் உண்டு. முதன்முறை செய்வோர், வல்லார் அளந்து பார்த்து வெளியிட்ட திட்டம் ஒன்றை, உறுப்புகளை மாற்றாமல் பின்பற்றுதலே அறிவுடைமை.

சோதனை

செய்து முடித்த பொருளைச் சோதியாமல் விடுவது, எழுதிய விடையைத் திருப்பிப் பாராமல் விடுவது போன்றது. பெட்டியில் பொருத்துவதற்கு முன் 1.5 வோல்ட் மின்கலத்தின் முனைகளை ஊஃபரின் முனைகளில் ஒரு கணம் தொடவேண்டும். கூம்பு வெளியே நகர்ந்தால், மின்கலத்தின் நேர்முனை தொட்ட முனையே ஊஃபரின் நேர்முனை. இச்சோதனையை ட்வீட்டருக்குச் செய்யலாகாது. இரு பெட்டிகளிலும் முனைகள் ஒத்திருத்தல் இன்றியமையாதது. ஒன்று மாறியிருந்தால், ஒரு கூம்பு காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுக்கும். தாழ்ந்த ஒலி பெரும்பாலும் மறையும். எத்துணை நல்ல உறுப்பாயினும் இச்சிறு பிழையால் பயனிழக்கும்.

ஊஃபரை விரல்களால் மெல்ல அழுத்திவிட்டால், கசிவற்ற பெட்டியில் அது மெதுவாகத் திரும்பும். சட்டெனத் திரும்பினால் எங்கோ காற்று கசிகின்றது என்று அறியலாம். பெட்டிகளைக் காதளவு உயரத்தில் வைத்து, இரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவு கேட்போர் இருக்கும் தொலைவுக்கு ஏறத்தாழ ஒப்பாகுமாறு அமைக்கவேண்டும். சுவரின் மூலைக்கு நெருங்க நெருங்கத் தாழ்ந்த ஒலி மிகும். எனவே ஒரு காசும் செலவின்றி, பெட்டியை நகர்த்தியே குரலைத் திருத்தலாம். கணினியில் இயங்கும் இலவசச் செயலிகளும் ஒரு சிறு ஒலிவாங்கியும் கொண்டு, எந்த ஒலி மிகுந்தது, எது குறைந்தது என்று வரைபடமாகவே காண இன்று வழியுண்டு. செவி ஒருவரை மயக்கலாம். அளவு அவ்வளவு எளிதில் மயக்காது.

சிக்கனம் எங்கே?

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. ஊஃபர், ட்வீட்டர், பலகை ஆகியவற்றில் மிகவும் மட்டமானதை வாங்குவது கஞ்சத்தனம். அழகுக்காக விலைமிக்க மின்கம்பி வாங்காமல் விடுவது சிக்கனம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 5 மீட்டர் தொலைவுக்குப் போய்வரும் மின்தடை ஏறத்தாழ 0.12 ஓம் மட்டுமே. 8 ஓம் ஒலிபெருக்கிக்கு அஃது ஒரு தடையே அன்று. மேலும், ஒரே மின்னாற்றலுக்கு 87 டெசிபெல் ஒலிக்கும் உறுப்பைவிட 90 டெசிபெல் ஒலிக்கும் உறுப்பு, அதே ஓசையைப் பாதி மின்னாற்றலில் தரும். ஆகவே உறுப்பைத் தேர்ந்து வாங்குவோர் மின்பெருக்கியிற் செலவைக் குறைக்கலாம்.

கடையில் வாங்கிய பெட்டி பழுதுற்றால், வாங்கியவர் அதனைத் திறக்கவும் அஞ்சுவார். தாமே செய்தவர் அதன் ஒவ்வொரு மூட்டையும் கம்பியையும் அறிவார். பழுதை நாடிக் களைவார். அதனினும் பெரிய பயன் ஒன்று உண்டு. மெய்யான குரல் எது, கூட்டிய குரல் எது என்று பிரித்தறியும் செவி அவருக்கு வாய்க்கின்றது. பேரோசையே நல்லோசை என்று கூறும் விளம்பரத்துக்கு அவர் பின்னர் ஏமாறார். விலைப்பட்டியலைப் பார்த்துத் தூதனை மதிக்காமல், அவன் சொல்லை அளந்து பார்த்து மதிப்பார். அறிவும் உழைப்பும் சேருமிடத்தில் குறைந்த பொருளும் நிறைந்த பயன் தரும் என்பதற்கு, எளிய வீட்டின் கூடத்திலிருந்து உண்மை பிறழாமல் ஒலிக்கும் அப்பெட்டிகள் இரண்டுமே சான்றாகும்.